ஓடையைக் கழுவிய சித்தப்பா

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவருடைய முகம் இல்லை, முதுகுதான். முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, ஓடையில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டி தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்த முதுகு. பாசி பிடித்த கல் கையில் நிற்காமல் வழுக்கும். அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தேய்ப்பார். வெளுத்ததும் கரையில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைப்பார். நானும் ஓடையை ஆய்வு செய்ய வந்த மேடமும் வலையும் வாளியுமாகச் சரிவில் இறங்கி வந்தபோது, விருந்து முடிந்த வீட்டில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் மாதிரி கரை நெடுகக் கற்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஓடைக்குள் ஓர் இலை இல்லை, தொங்கும் வேர் ஒன்று இல்லை. தண்ணீர் அடி மணல் தெரியும்படி ஓடியது. பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. எங்களைப் பார்த்ததும் சித்தப்பா நிமிர்ந்தார். கம்பி நார் பிடித்த கையாலேயே கும்பிட்டார்.

“வாங்க டீச்சரம்மா. இப்ப பாருங்க, எப்படி இருக்கு?”

மேடம் தோளில் இருந்த வலையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அந்த ஓடையில் இருந்தது. அதை அவரே தன் கையால் தேய்த்துக் கழுவிவிட்டார் என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஓடை, சிங்கப்பூருக்கு இக்கரையில், மாசாய் ஊருக்குப் பின்புறம், செம்பனைத் தோட்டமும் வரிசை வீடுகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஓடுகிறது. மேலே சின்னதாக ஒரு காட்டு மேடு. அங்கிருந்து இறங்கி, முதலில் ஒரு முனீஸ்வரர் கோயிலைத் தொடும். பிறகு பழைய டிரம் கழுவும் பட்டறை ஒன்றின் பின்சுவரைக் கடக்கும். அதற்கும் கீழே சித்தப்பாவின் மாட்டுக் கொட்டகை. அதை உரசிக்கொண்டு போய் வீடமைப்புப் பகுதியின் பெரிய லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விழும். சித்தப்பா என் அப்பாவின் தம்பி. ரப்பர் தோட்டத்தில் பிறந்து அங்கேயே மரத்தில் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு வீடுகள் எழும்பியபோது, மற்றவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். இவர் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஓடைக் கரைக்குப் போனார். நிலம் அவருடையது இல்லை. போ என்று யாரும் சொல்லாததால் இருந்தார். பால், வீடுகளுக்கும் கோயில் அபிஷேகத்துக்கும் போகும். சாணி, காய்கறித் தோட்டம் போடுபவர்களுக்குப் போகும். சித்தி இறந்த பிறகு மாடுகள்தான் அவருக்குப் பேச்சுத் துணை.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வேறு போக்கிடம் இல்லை, அவ்வளவுதான். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாசிர் கூடாங்கில் எண்ணெய்த் தொட்டி கழுவினேன். லோரிக்கு உதவியாளாகக் கிளந்தான் வரை போய் வந்தேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசினேன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். அங்கே சுண்டுவிரலின் நுனி போனது. காயம் ஆறியபோது வேலையும் முடிந்திருந்தது. எந்த இடத்திலும் எனக்குக் கால் தரிக்காது. வேலை கடினம் என்பதால் இல்லை. நாளைக்கும் இதே இடத்துக்கு வரவேண்டும் என்ற நினைப்பு வந்தாலே உடம்பு அரிக்க ஆரம்பித்துவிடும். வாடகை அறையைக் காலி செய்துவிட்டு ஒரு பையோடு கொட்டகைக்குப் போனேன். ஏன் வந்தாய் என்று சித்தப்பா கேட்கவில்லை. தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டிலைக் காட்டினார்.

நான் போன சில வாரங்களில் நோட்டீஸ் வந்தது. ஓடை நாறுகிறது, குழந்தைகளுக்குச் சொறி வருகிறது என்று வரிசை வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். உள்ளூர் நிர்வாகத்தில் இருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். கீழே கறுப்புத் தண்ணீர், கரையில் மாடு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் எவரும் என்ன நினைப்பாரோ அதையே அவர்களும் நினைத்தார்கள். கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் ஓடையை ஒரு முறை முறையாக ஆய்வு செய்வார்கள் என்று நோட்டீஸ் சொன்னது.

“மேல டிரம் கழுவுறவன் சோப்பு, எண்ணெய், என்னா கருமமோ எல்லாத்தையும் குழாய் வழியா விடுறான்,” என்றார் சித்தப்பா. “அவன்கிட்ட இரும்பு கேட்டு இருக்கு, போர்டு இருக்கு, தமுக்கு மாதிரி கத்துற ஒரு நாய் இருக்கு. என்கிட்ட வால் ஆட்டுற மாடுதான் இருக்கு. யாரப் புடிப்பான் சொல்லு?”

பட்டறைத் தண்ணீரையும் நிர்வாகத்து ஆட்கள் சோதித்திருந்தார்கள். தண்ணீரின் தரம் காட்டும் மீட்டரைக் குழாயடியில் விட்டுப் பார்த்த நாளில் தண்ணீர் நன்றாகவே இருந்தது. பட்டறைக்காரன் தினமும் விடுவதில்லை. தொட்டி நிரம்பினால் விடுவான். அது என்றைக்கு என்று அவனுக்குத்தான் தெரியும்.

நிர்வாகம் அந்த ஆய்வுக்கு அனுப்பியவர்தான் மேடம். தமிழ்க்காரர், பெர்மாஸ் ஜெயாவில் வீடு. வேனின் முன்கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். நீர்ப்பூச்சிகளைப் பற்றிப் படித்து, ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தார். சித்தப்பாவுக்குப் படித்த பெண்கள் எல்லாரும் டீச்சரம்மாதான். முதல் நாள் அவருடைய உதவியாள் வரவில்லை. கரையில் நின்றுகொண்டு, யாராவது சாமான் தூக்க வருவீர்களா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எனக்கு வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைத்திருக்கின்றன. யாரோ விட்டுப் போன இடத்தில் போய் நிற்பேன். பிறகு நானும் விட்டுப் போவேன். கொட்டகைக்காரர் என் சித்தப்பா என்று தெரிந்ததும் மேடம் ஒரு நிபந்தனை போட்டார்.

“வலை தூக்குங்க, வாளி தூக்குங்க. ஆனா பூச்சி கொட்டுற தட்டுல மட்டும் கை வைக்கக் கூடாது, தம்பி. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது.”

எனக்கு அது பிடித்திருந்தது. என்னை நம்பாததை முகத்துக்கு நேராகச் சொன்ன முதலாளி அவர் ஒருவர்தான்.

முதல் நாள் எடுத்தது வெறும் வெள்ளோட்டம். நிர்வாக அதிகாரி முன்னால் எடுப்பதுதான் கணக்கில் வரும். ஓடையில் மூன்று இடங்களைக் குறித்தார் மேடம்: கோயிலடி, பட்டறைக் குழாய்க்குக் கீழே, கொட்டகைக்குக் கீழே. கலங்கல் அடுத்த இடத்தைக் கெடுக்கக் கூடாது என்பதால் கீழிருந்து மேலாகப் போக வேண்டும். ஓட்டத்துக்கு எதிராக வலையை நிறுத்தி, அதற்கு முன்னால் நின்று காலால் அடிக் கற்களைக் கிளறுவார். கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டிருப்பவை பிடி விட்டு வலைக்குள் வந்து விழும். வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார். முதலில் மணலும் இலைத் துணுக்கும்தான் தெரியும். கண் பழகப் பழக அவை அசையத் தொடங்கும்.

கொட்டகைக்குக் கீழே எடுத்த தட்டில் சிவப்புப் புழுக்கள் மட்டும். மீன் வளர்ப்பவர்கள் தீனிக்கு வாங்குவார்களே, அது. காற்றில்லாத அழுக்குத் தண்ணீரிலும் அது பிழைத்துக்கொள்ளும் என்றார் மேடம். பட்டறைக் குழாய்க்குக் கீழேயும் அதே சிவப்பு, கூடவே ஒரு பாட்டில் மூடி. கோயிலடித் தட்டைப் பார்த்தபோது நான் வாயைத் திறந்துவிட்டேன். கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகள். மணல் துகள்களை ஒட்டித் தனக்கொரு குழாய் கட்டி அதற்குள் இருக்கும் புழு. முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும் தட்டான்பூச்சிக் குஞ்சு. தட்டையான உடம்போடு தட்டின் ஓரமெல்லாம் ஓடிய சின்னப் பூச்சிகள். மேஃபிளைக் குஞ்சு என்று மேடம் பெயர் சொன்னார். தண்ணீர் கெட்டால் முதலில் சாவது அதுதானாம்.

“மீட்டர் இந்த நிமிஷம் தண்ணி எப்படின்னு சொல்லும், தம்பி. முந்தாநாள் எவனாவது எதையாவது ஊத்தியிருந்தா அதுக்குத் தெரியாது. மீனுக்குத் தெரியும், ஆனா ஆகலைன்னா மீன் வேற பக்கம் நீந்திப் போயிடும். இதுங்க எங்க போகும்? நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் இங்கயேதான் கெடக்கணும். அதனாலதான் இதுங்ககிட்ட கேக்கறோம்.”

மேலே உயிர் இருக்கிறது. பட்டறைக் குழாயைத் தாண்டியதும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் மாடு எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் முடிக்காத எனக்கே அது விளங்கியது. பின்னால் நின்று எட்டிப் பார்த்த சித்தப்பாவுக்கும் விளங்கியது. அன்று முழுவதும் அவர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மாட்டிடம் சொன்னார், பால் வாங்க வந்தவர்களிடம் சொன்னார், கோயிலில் சொன்னார். இன்ன தேதியில் அதிகாரி வருகிறார், ஓடையைப் பார்க்கப் போகிறார் என்று ஊரெல்லாம் தெரிந்தது. அவர் சொன்னதில் பூச்சி குறைந்துகொண்டே வந்து, அதிகாரி வருகிறார் என்பது மட்டும் மிச்சமாகியிருக்க வேண்டும்.

அவர் செய்ததை இப்போது யோசித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. தோட்டத்தில் பெரிய துரை பார்வையிட வரும் நாளைப் பற்றி அப்பாவும் சொல்லியிருக்கிறார். முதல் நாளே லயத்து வீடுகளின் கால்வாயைத் துடைப்பத்தால் தேய்ப்பார்கள். பாதை ஓரத்துக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒரு சருகு கிடந்தாலும் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கத்துவாராம். துரை காரை விட்டு இறங்காமலேயே போனாலும், சுத்தமாக இருந்தது என்று சொன்னால் போதும். தோட்டம் போனது, துரையும் போனார். அந்தப் பயம் மட்டும் சித்தப்பாவின் கையில் இருந்தது. கோயில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு கோத்தோங் ரோயோங் நடத்தினார். எல்லாரும் கூடிச் செய்யும் அந்தச் சிரமதானத்தில் சருகை அள்ளினார்கள், வேரை வெட்டினார்கள், மணலைச் சீவிச் சமப்படுத்தினார்கள், பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். பையன்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவர் மட்டும் கற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வு நாளில் நாங்கள் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் அதிகாரியும் வந்தார். இளைஞர், மலாய்க்காரர், புதுப் பூட்ஸ். மேடம் வேறு வழியில்லாமல் வலையை எடுத்து இறங்கினார். கோயிலடித் தட்டில் மணல், ஓர் உடைந்த நத்தை ஓடு. எவ்வளவு நேரம் பார்த்தும் எதுவும் அசையவில்லை. பட்டறைக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை. மேலே இல்லை, கீழேயும் இல்லை என்றால் பட்டறையை எப்படிக் குறை சொல்வது என்று அதிகாரி மலாயில் கேட்டார். கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இன்னும் மேலே, காட்டுக்குள் எடுக்கலாமா என்றும் அவரே கேட்டார். அங்கே வெறும் பாறை, செங்குத்து; இந்த ஓடைப் படுகையோடு ஒப்பிட முடியாது என்றார் மேடம்.

“ஏன் அங்கள் இப்படிப் பண்ணீங்க?” என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

“பெரியாளு வர்றாருன்னா சுத்தம் பண்ண வேணாமா, டீச்சரம்மா? பாசியும் குப்பையுமாக் காட்டுனா என்னைப் பத்தி என்னா நெனப்பாரு?”

“அந்தப் பாசிதான் அதுங்களுக்குச் சாப்பாடு. அந்தச் சருகுதான் ஒளியுற எடம். கல்லுக்கு அடியிலதான் எல்லாம் இருந்துச்சு. நீங்க அழுக்கை மட்டும் கழுவல அங்கள்.”

சித்தப்பா தட்டைப் பார்த்தார். கரையில் காயும் கற்களைப் பார்த்தார். கையில் இன்னும் கம்பி நார் இருந்தது.

“அலமாக், ஐயையோ,” என்றார். அந்தக் கற்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்தார்.

மேடம் ஓடைக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. மோட்டார் சைக்கிள் சாவி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். கொட்டகை போனால் என் கட்டிலும் போகும். போவதானால் இன்றைக்கே போய்விடலாம் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது. அப்போது மேடம் நின்று, “அங்கள், எதுவரைக்கும் கழுவினீங்க?” என்றார்.

“கோயில்லேர்ந்து நம்ம கொட்டகை வரைக்கும்.”

“பட்டறைக் குழாய்க்குக் கீழயும்?”

“அங்க விட்டுடுவேனா? அங்கதானே அழுக்கு ஜாஸ்தி.”

“ஒரே மாதிரி? ஒரே நாள்ல?”

“கல்லுல முகம் பாக்கலாம், போய்ப் பாருங்க.” அந்த நிலையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மேடம் அதிகாரியிடம் திரும்பி மலாயில் நீளமாகப் பேசினார். பிறகு எங்களுக்கும் சொன்னார். கோயிலடி, பட்டறைக்குக் கீழே, இரண்டு இடமும் இப்போது காலி வீடு மாதிரி. காட்டில் இருந்து தண்ணீரோடு புதுப் பூச்சிகள் மிதந்து வரும். பறக்கிற தாய்ப்பூச்சிகள் வந்து முட்டை இடும். இரண்டு இடத்துக்கும் அதே காடுதான் மேலே. சில வாரம் யாரும் தொடாமல் விட்டால், கோயிலடியில் உயிர் திரும்பி, பட்டறைக்குக் கீழே மட்டும் திரும்பாமல் போனால், கல்லைக் குறை சொல்ல முடியாது, மாட்டையும் சொல்ல முடியாது. நடுவில் வந்து சேரும் தண்ணீர் ஒன்றுதான் வித்தியாசம். “ஆனா திரும்பி வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது,” என்றார். “பவுடர் வேற போட்டிருக்கீங்க. பெரிய மழை வந்தாலும் போச்சு.”

அதிகாரி யோசித்தார். ஹரி ராயா பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். பெருநாள் விடுமுறை முடியும்வரை இந்தக் கோப்பு நகராது என்றார். சித்தப்பா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே எல்லாக் கற்களையும் ஓடைக்குள் திரும்ப இறக்கினோம். அள்ளிப் போட்ட சருகையும் கொண்டுவந்து போட்டோம். கோயில் பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர்கள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

அந்த வாரங்களைப்போல் நீண்ட வாரங்களை நான் கண்டதில்லை. செய்ய ஒரு வேலையும் இல்லை. செய்யாமல் இருப்பதுதான் வேலை. சித்தப்பாவுக்கு அது வரவில்லை. பால் கறந்து முடித்ததும் கோயிலடிக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும் பெண்கள் குடம் கழுவ ஓடையில் இறங்கினால் ஓடிப்போய்த் தடுத்து, குழாயில் இருந்து தானே தண்ணீர் சுமந்துவந்து ஊற்றினார். இறால் பிடிக்க வரும் பையன்களை விரட்டினார்.

“என்னா மாமா, புழுவுக்கு செக்யூரிட்டி கார்டா?” என்றான் ஒருவன்.

“ஆமா லா. உனக்கு என்னா?”

“யூனிபோர்ம் எங்க? சம்பளம் யாரு, புழுவா குடுக்குது?”

“உங்கப்பன் குடுக்கறான். ஏறு மேல!”

ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்பார்: “வந்திருக்குமாடா?” கல்லைத் தூக்கிப் பார்க்கக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். “வந்தா சொல்லிட்டா வரும்?” என்பேன். அவருக்குச் சிரிப்பு வராது. மழை தூறினால் எழுந்து நிற்பார். எனக்கோ கால் அரித்துக்கொண்டே இருந்தது. சிங்கப்பூரில் இருந்து கூட்டாளி ஒருவன் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டான். நாளை வருகிறேன் என்று சொல்வேன், போக மாட்டேன். ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. மேடம் மீனைப் பற்றிச் சொன்னதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவில்லை என்றால் வேறு பக்கம் நீந்திப் போய்விடும் சாதி நான். நான் இருந்த எந்த இடத்தைப் பற்றியும் என்னிடம் கேட்டுப் பயன் இல்லை. பாதியில் வந்து பாதியில் போனவனுக்கு என்ன தெரியும்? கப்பல் பட்டறையில் எனக்குப் பின்னால் யார் விரல் போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

பெருநாள் முடிந்து அதிகாரி வந்தார். மேடம் இறங்கி வலையைப் பிடித்தார். கோயிலடித் தட்டைத் தரையில் வைத்ததும் எங்கள் நான்கு தலைகளும் அதன்மேல் குனிந்தன. கொஞ்ச நேரம் மணல்தான் தெரிந்தது. பிறகு ஓரத்தில் ஏதோ ஒன்று ஓடியது. பழைய கூட்டம் இல்லை, மிகச் சின்னதுகள். ஆனாலும் இருந்தன. மேஃபிளைக் குஞ்சுகள், இரண்டு மூன்று இறால், கட்டத் தொடங்கிய மணல் கூட்டோடு ஒரு புழு. பட்டறைக்குக் கீழே எடுத்த தட்டில் சிவப்பு மட்டும் நெளிந்தது. அதிகாரி இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லித் தன் தொலைபேசியில் படம் எடுத்தார். மீட்டர் அன்றும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னது.

சித்தப்பா கொட்டகைக்குப் போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கொட்டகை நோட்டீஸ் நிறுத்தி வைக்கப்பட்டது. பட்டறைக் குழாயை அடைக்கச் சொன்னார்கள். கழிவு நீர் லோரியில் போக ஆரம்பித்தது. சித்தப்பா முனீஸ்வரருக்குப் பாலாபிஷேகம் செய்தார். மாசாய் சாப்பாட்டுக் கடைகளில் கொஞ்ச காலம் அதுதான் பேச்சு. “பொய் சொல்ல அந்தப் புழுவுக்கு வாயே கிடையாது லா. எல்லாம் தெரியும் அதுக்கு,” என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சித்தப்பா சொல்வார். தான் கல்லைத் தேய்த்த கதையையும் சொல்வார். ஏதோ திட்டம் போட்டுத் தேய்த்த மாதிரி.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மேடம் தானாக வந்தார். நிறுவன வேலை இல்லை, யாரும் அனுப்பவில்லை. குழாய் அடைத்த பிறகு நடு இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. நான் வலை தூக்கினேன். இந்த முறையும் கீழிருந்துதான் தொடங்கினார். கொட்டகைக்குக் கீழே எடுத்ததை ஒரு வாளியில் மூடி வைத்துவிட்டு மேலே போனோம். பட்டறைக்குக் கீழே எடுத்த தட்டில் மேஃபிளைக் குஞ்சுகள் ஓடின. சித்தப்பா கைதட்டினார். அப்புறம் மேடம் அந்த வாளியைத் திறந்து இன்னொரு தட்டில் ஊற்றினார். தட்டு சிவப்பாக நெளிந்தது.

“அந்தப் பய திரும்பத் தொறந்து விட்டுட்டானா?” என்றார் சித்தப்பா.

“இல்ல அங்கள். குழாய்க்குக் கீழ நல்லா இருக்கே, இப்பத்தானே பாத்தீங்க.”

“அப்ப இது எங்கேர்ந்து வருது?”

மேடம் ஓடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் நடுவில் இருந்தது கொட்டகை ஒன்றுதான். தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலாக ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. மாடுகள் தண்ணீருக்குள் நின்று குடித்துக்கொண்டிருந்தன. இவ்வளவு நாளும் பட்டறை அழுக்கு மேலே இருந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. அது விலகியதும் இது தெரிந்துவிட்டது.

“மாடுன்னு சொல்றீங்க,” என்றார் சித்தப்பா.

“நான் ஒண்ணும் சொல்லல அங்கள்.”

“புழுவுக்கு என்னா தெரியும்?”

“அன்னைக்கு எல்லாம் தெரியும்னு நீங்கதான் சொன்னீங்க.”

சித்தப்பா தட்டை எடுத்து ஓடையில் வீசிக் கொட்டினார். தட்டு கல்லில் பட்டுச் சத்தம் எழுப்பியது. “போங்க, போய் எழுதிக் குடுங்க. யாருகிட்டக் குடுப்பீங்களோ குடுங்க. என்னைக் கெளப்புங்க.”

“யாரும் கேக்கல அங்கள். நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்.” மேடம் தட்டை எடுத்துக் கழுவி, வேனில் வைத்தார். எனக்கு ஒரு தலையாட்டல். சித்தப்பா அன்று அவரை டீச்சரம்மா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. வேன் போன பிறகும் ஓடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எழுதிக் கொடுப்பேன் என்று மேடம் மிரட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சண்டை போட ஓர் ஆள் இருந்திருப்பார்.

அடுத்த வாரம் நான் கிளம்பினேன். இந்த முறை சிங்கப்பூரில் கட்டட வேலை, பிறகு மூவாரில் ஒரு மரப் பட்டறை, பிறகு வேறு ஏதோ. சித்தப்பாவோடு தொலைபேசியில் பேசினால் மாடு நலம், மழை அதிகம் என்பார். ஓடையைப் பற்றி அவரும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன்.

இப்போது பாசிர் கூடாங்கில் மாற்று நேர வேலை. தொழிற்சாலை பஸ் மாசாய் வழியாகத்தான் போகிறது. போன மாதம் ஒரு விடுமுறை நாளில் இறங்கி, கொட்டகைக்கு நடந்தேன். பழைய இடத்தில் கொட்டகை இல்லை. சரிவில் மேலே, ஓடையை விட்டுத் தள்ளிப் பழைய தகரத்தால் கட்டியிருந்தார். மாடுகள் குறைந்திருந்தன, அந்த இடத்தில் அவ்வளவுதான் நிற்கும். கழுவும் தண்ணீர் ஒரு புது வாய்க்கால் வழியாகப் பக்கவாட்டில் போய்ப் புல் வளர்த்த பாத்தியில் இறங்கியது. ஓடைக் கரையில் வேலி. சித்தப்பா இரண்டு கையிலும் வாளியோடு, மூச்சு வாங்க, ஓடையில் இருந்து மாடுகளுக்குத் தண்ணீர் சுமந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்கிறது என்பது நடையிலேயே தெரிந்தது.

“ஏன் சித்தப்பா மேல கொண்டு வந்துட்டீங்க?”

“மேலதான் காத்து வருது.”

“வாய்க்கால்?”

“மழைத் தண்ணி ஓட வெட்டுனது லா. வந்ததும் வராததுமா போலீஸ் மாதிரி கேக்கற. சாப்புட்டியா?”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வாளிகளை அவர் கையில் இருந்து வாங்கி, தொட்டியில் ஊற்றிவிட்டு, மறுபடி நிரப்பச் சரிவில் இறங்கினேன். வேலிப் படலைத் திறந்து, தண்ணீரில் கால் வைக்கத் தோதாக ஒரு கல்லைப் பார்த்துக் காலைத் தூக்கியபோது, மேலே இருந்து சித்தப்பாவின் சத்தம் வந்தது.

“டேய், பாத்து! அந்தக் கல்ல மிதிக்காத. அடியில ஆளுங்க இருக்காங்க.”